முதல் கான்சர்டினா வாங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி: பழையதா, புதியதா?

கான்சர்டினா வாங்க நினைப்பவர் பெரும்பாலும் விலையை விசாரிப்பதில்தான் தொடங்குகிறார். விலைக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேசைமேல் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போலத் தெரியும் இரண்டு அறுகோணக் கருவிகளில், ஒன்றில் பழகிய விரலோட்டம் மற்றொன்றில் அறவே உதவாமல் போகலாம். ஏனெனில் கான்சர்டினா என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனி வாசிப்பு முறைகள் அடங்கியுள்ளன. நமக்குப் பொருந்தாத முறையில் அமைந்த உயர்ந்த கருவியைவிட, பொருந்தும் முறையில் அமைந்த நடுத்தரமான கருவியே தொடக்க நிலையினருக்குப் பயன் தரும். ஆகவே இசை, முறை, பொத்தான்களின் எண்ணிக்கை, பழையதா புதியதா, சோதனை, பேரம் என்ற வரிசையிலேயே இங்கே செல்வோம்.

தொடங்குமுன்: உள்ளே நடப்பது என்ன

இரு முனைகளிலும் பொத்தான்கள் பொருத்திய மரப்பெட்டிகளும் அவற்றை இணைக்கும் மடிப்புத் துருத்தியும் சேர்ந்ததே கான்சர்டினா. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு நெம்புகோல் தோல் பேடைத் தூக்கி ஒரு துளையைத் திறக்கிறது. அத்துளை வழியே ஓடும் காற்று, ஆர்மோனியத்தில் நாம் அறிந்த அதே வகை உலோக ரீடை அதிரச் செய்கிறது. அக்கார்டியனில் உள்ளதுபோல ஒரே பொத்தானில் முழு ஸ்வரக்கூட்டும் ஒலிக்கும் வசதி இதில் இல்லை. ஒரு பொத்தானுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரமே.

ஒரு ரீடு ஒரு திசைக் காற்றுக்கு மட்டுமே ஒலிக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எனவே துருத்தியை அழுத்தும்போது ஒன்றும் இழுக்கும்போது ஒன்றுமாக ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ரீடுகள் தேவைப்படுகின்றன. அந்த இரண்டும் ஒரே ஸ்வரமா, வெவ்வேறு ஸ்வரங்களா என்பதிலிருந்துதான் முறைகள் பிரிகின்றன.

முதற்படி: எந்த இசைக்காக என்பதைத் தீர்மானித்தல்

பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரான சார்லஸ் வீட்ஸ்டன் 1829இல் சிம்ஃபோனியம் என்ற வாய்க்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பொத்தான் ஒழுங்கிலிருந்தே கான்சர்டினா வளர்ந்தது, 1844இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் வீட்ஸ்டன் சமனச் சுற்றுக்குப் பெயர் தந்தவரும் இவரே. ஏறத்தாழ அதே காலத்தில், 1834இல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரெடரிக் ஊலிக் வேறொரு கொள்கையில் ஒரு கருவியைச் செய்தார். இந்த இரண்டு பிறப்பிடங்களின் விளைவையே இன்று வாங்குபவர் எதிர்கொள்கிறார்.

வீட்ஸ்டன் வழிவந்தது இங்கிலிஷ் முறை. இதில் துருத்தியை எத்திசையில் இயக்கினாலும் பொத்தானின் ஸ்வரம் மாறாது. ஸ்கேலின் ஸ்வரங்கள் இடக்கைக்கும் வலக்கைக்கும் மாறிமாறிப் பங்கிடப்பட்டுள்ளன. மேற்கத்திய ஸ்வரக்குறிப்பில் கோட்டின்மேல் வருபவை இடக்கையிலும், கோடுகளுக்கிடையே வருபவை வலக்கையிலும் அமைகின்றன. குறிப்பைப் பார்த்து வாசிப்பவருக்கும், பல சுருதிகளில் பாடுபவருக்குத் துணை வாசிப்பவருக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூலியோ ரெகோந்தி போன்றோர் மேடையேற்றிய செவ்வியல் இசையை நாடுபவருக்கும் இது இயல்பாகப் பொருந்துகிறது. கருவியைத் தாங்குவது பெருவிரல் நுழையும் தோல் வளையமும் சிறுவிரல் தாங்கியுமே என்பதால், கைவலி உள்ளவர் வாங்குமுன் சிறிது நேரமாவது பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஊலிக்கின் முறை இங்கிலாந்துக்கு வந்து அங்குள்ள கைத்தொழிலோடு கலந்து பிறந்தது ஆங்லோ முறை. இதில் ஒரே பொத்தான் அழுத்தும்போது ஒரு ஸ்வரத்தையும் இழுக்கும்போது வேறொரு ஸ்வரத்தையும் தரும். மவுத் ஆர்கன் வாசித்தவருக்கு இது புதிதன்று. திசை மாற்றமே தாளத்துக்கு ஓர் இயல்பான துள்ளலைத் தருவதால் நடன இசைக்காரர்கள் இதை விரும்பினார்கள். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து இசை, ஆக்ஸ்ஃபர்டை அடுத்த ஹெடிங்டன் குவாரியில் வில்லியம் கிம்பர் வாசித்த மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டார் நடன இசை, தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர் மக்களின் இசை ஆகியவற்றின் கான்சர்டினா மரபு பெரும்பாலும் ஆங்லோவைச் சார்ந்ததே. 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிம்பரின் வாசிப்பை நாட்டார் இசைத் தொகுப்பாளர் செசில் ஷார்ப் கேட்டதிலிருந்துதான் இங்கிலாந்தின் நாட்டார் இசைத் தொகுப்புப் பணி புது வேகம் பெற்றது.

மூன்றாவது டூயட் முறை. தாழ்ந்த ஸ்வரங்கள் இடக்கையிலும் உயர்ந்தவை வலக்கையிலும் இருக்க, பியானோவைப் போல ஒரு கையில் மெட்டும் மறுகையில் துணையும் வாசிக்கலாம். மக்கான், கிரேன், ஹேடன் என்று இதற்குள்ளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பிரிவுகள் உள்ளன. இதில் கிரேன் பிரிவை சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, டிரையம்ஃப் என்ற பெயரில் விரிவாகப் பயன்படுத்தியது. எல்லாச் சுருதிகளுக்கும் ஒரே விரல் வடிவத்தைத் தரும் ஹேடன் ஒழுங்கு அறிவுக்கு மிகவும் இசைவானது. ஆனால் பழைய கருவிகளில் அது கிடையாது, புதிதாகவே வாங்க வேண்டும். ஆசிரியர் யாரும் எளிதில் கிடைக்கமாட்டார் என்பதையும் டூயட்டை விரும்புபவர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த முறை எளிது என்ற கேள்விக்கு என்னிடம் பொதுவான விடை இல்லை. யாருடைய வாசிப்பைக் கேட்டு இக்கருவிமேல் ஆசை பிறந்ததோ அவர் எந்த முறையில் வாசிக்கிறார் என்று அறிந்து அதையே வாங்குவதுதான் மிகவும் பாதுகாப்பான வழி. பயிற்சிக் காணொளிகளும் வகுப்புகளும் நூல்களும் அந்தந்த முறையை ஒட்டியே அமைந்துள்ளன.

கர்நாடக இசைக்காக இதை எண்ணுபவருக்கு ஒரு சொல். அளவில் சிறிய இக்கருவியில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் கிடைக்கும். 48 பொத்தான் இங்கிலிஷ் முறையில் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ஆனால் ரீடின் சுருதி நிலையானது என்பதால், ஆர்மோனியத்துக்குச் சொல்லப்படும் கமகக் குறை இதற்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாம் படி: எத்தனை பொத்தான், எந்தச் சுருதி

ஆங்லோ வாங்குபவர்கள் மிகுதியாக ஏமாறுவது இங்கேதான். கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் மலிவாகக் கிடைப்பவை 20 பொத்தான் கருவிகள். இவற்றில் சி ஸ்கேலுக்கு ஒரு வரிசையும் ஜி ஸ்கேலுக்கு ஒரு வரிசையும் மட்டுமே இருக்கும். டி மேஜர் ஸ்கேலுக்கு எஃப் ஷார்ப், சி ஷார்ப் ஆகிய இரண்டும் வேண்டும். எஃப் ஷார்ப் ஜி வரிசையில் கிடைக்கிறது, சி ஷார்ப் எங்கும் கிடைப்பதில்லை. அயர்லாந்து மெட்டுகளில் மிகப் பெரும் பகுதி டி, ஜி ஸ்கேல்களைச் சார்ந்தது என்பதால், 20 பொத்தான் கருவியோடு அந்த இசைக்குள் நுழைபவர் சில வாரங்களிலேயே சுவரில் முட்டிக்கொள்வார். 30 பொத்தான் கருவியின் மூன்றாவது வரிசை இக்குறையைத் தீர்க்கிறது. எளிய பாடல்களுக்கும் இங்கிலாந்து நடன மெட்டுகளுக்கும் 20 போதும் என்று சொல்லலாம். அயர்லாந்து இசைக்கு 30க்குக் குறைந்து வாங்கவே வேண்டாம்.

மெட்டுகள் ஜி, டி ஸ்கேல்களில் இருக்கின்றன, ஆகவே ஜி/டி ஆங்லோவே வேண்டும் என்று பலர் முடிவு செய்கிறார்கள். தர்க்கம் சரியானதுபோலத் தோன்றினாலும் நடைமுறை வேறு. அயர்லாந்து ஆசிரியர்கள் சி/ஜி கருவியில் வரிசைகளுக்குக் குறுக்கே விரலை ஓட்டும் பாணியையே கற்பிக்கிறார்கள். 1973 முதல் ஆண்டுதோறும் மில்டவுன் மால்பேயில் நடைபெறும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளியில் சேர்ந்தாலும், இணையவழி வகுப்பில் சேர்ந்தாலும் எதிர்பார்க்கப்படுவது சி/ஜி கருவிதான். ஒரே வரிசையில் ஓடி, இடக்கையால் துணை ஸ்வரம் சேர்க்கும் இங்கிலாந்துப் பாணிக்கு ஜி/டி நன்றாகப் பொருந்தும்.

மூன்றாம் வரிசையின் ஒழுங்கிலும், கருவி செய்தவர்களின் பெயரால் வீட்ஸ்டன், ஜெஃப்ரிஸ் என இரு வகைகள் உள்ளன. வலக்கைப் பக்கம் ஜெஃப்ரிஸ் ஒழுங்கில் நடு ஸ்தாயியின் சி ஷார்ப் அழுத்தும்போதும் கிடைக்கும், இழுக்கும்போதும் கிடைக்கும். வீட்ஸ்டன் ஒழுங்கில் ஒரு திசையில்தான் கிடைக்கும். சேரப்போகும் ஆசிரியர் எதைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த வேறுபாட்டுக்காக ஒரு நல்ல கருவியைக் கைவிட வேண்டியதில்லை.

இங்கிலிஷ் முறையில் 48 பொத்தான் டிரெபிள் என்பதே வழக்கமான அளவு. நடு சி ஸ்வரத்துக்குக் கீழுள்ள ஜியிலிருந்து தொடங்கி மூன்றரை ஸ்தாயி வரை செல்லும். ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் சமப் பகுப்புச் சுருதி நிலைபெறுவதற்கு முன் அவை உண்மையிலேயே வெவ்வேறு ஸ்வரங்களாகச் சுருதி கூட்டப்பட்டன. இன்று இரண்டும் ஒன்றே, விரலுக்கு மாற்று வழியாக மட்டும் பயன்படுகின்றன. தொடக்க நிலைக் கருவிகளில் 30 பொத்தான் இங்கிலிஷும் உண்டு. மேல் ஸ்தாயியின் பெரும்பகுதியை விட்டுவிடுவதால் பாடல் துணைக்குக் குறையொன்றும் வராது.

இணையத்தில் தேடும்போது கெம்னிட்சர் கான்சர்டினா, பாண்டோனியான் என்ற பெரிய சதுரக் கருவிகளும் முடிவுகளில் வந்து கலக்கும். முன்னது அமெரிக்காவின் போல்கா இசையிலும் பின்னது அர்ஜெண்டினாவின் டேங்கோவிலும் வாசிக்கப்படுபவை. ஊலிக்கின் வழித்தோன்றல்களே ஆயினும் இந்த வழிகாட்டியில் அவை சேரா.

மூன்றாம் படி: புதிய கருவிகளின் தரநிலைகள்

புதியவற்றை ரீடின் வகையைக் கொண்டு பிரிப்பதே தெளிவானது. பழைய இங்கிலாந்துக் கருவிகளில் ஒவ்வொரு ரீடும் தனக்கெனச் செய்த பித்தளைச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, மரத்தட்டில் வெட்டிய சாய்விளிம்புப் பள்ளத்துக்குள் செருகப்பட்டிருக்கும். இதைக் கான்சர்டினா ரீடு என்பார்கள். அக்கார்டியன் ரீடுகளோ, ஒரே உலோகத் தகட்டின் இரு பக்கத்திலும் நாக்குகளோடு மொத்தமாகத் தயாரிக்கப்படுபவை. விலை குறைவு, நம்பிக்கைக்குரியவை, ஒலி சற்றே வேறு.

அடித்தட்டில் இருப்பவை பொம்மைக் கடை விலையில் வரும் பளபளப்பான கருவிகள். பொத்தான் தளர்ந்து ஆடும், துருத்தி அட்டைபோல விறைத்திருக்கும், சுருதி தொடக்கத்திலேயே விலகியிருக்கும். இதில் பழகுபவர் தம் கையைக் குறைசொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறார், குறை கருவியினுடையது. பழைய கிழக்கு ஜெர்மனியில் செய்யப்பட்டு ஷோலர் என்ற பெயரில் இன்றும் சந்தையில் சுற்றும் 20 பொத்தான் கருவிகளையும் இதே கணக்கில் சேர்க்கலாம். அவை பழையவையே தவிர, வாசிப்புக்கான பழங்கருவிகள் அல்ல.

அடுத்த நிலை, தொடக்க நிலையினரை எண்ணியே வடிவமைக்கப்பட்ட அக்கார்டியன் ரீடு கருவிகள். கான்சர்டினா கனெக்‌ஷன் நிறுவனத்தின் ரோஷெல் 30 பொத்தான் ஆங்லோ. ஜாக்கி 30 பொத்தான் இங்கிலிஷ். எலீஸ் 34 பொத்தான் ஹேடன் டூயட். டப்ளினின் மெக்நீலா கடை விற்கும் ரென் இதே நிலையைச் சேர்ந்த ஆங்லோ. இவற்றின் விலை பொதுவாகச் சில நூறு டாலர்களில் அடங்கும். அளவில் பழைய கருவிகளைவிடப் பெரியவை, புதிதில் துருத்தி சற்று இறுக்கமாக இருக்கும், வேகமான மெட்டுகளில் பொத்தான்கள் விரலுக்குச் சற்றுப் பின்தங்கும். ஆனாலும் சுருதி நிலைக்கும், ஸ்வரங்கள் முழுமையாக இருக்கும், பழுதானால் கேட்க ஆள் இருப்பார். உயர்ந்த கருவியொன்றை அதே இடத்தில் வாங்கும்போது பழையதை மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில விற்பனையாளர்கள் தருகிறார்கள். அதன் இன்றைய நிபந்தனைகளைப் பணம் கட்டுமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு மேலே, நல்ல இத்தாலிய அக்கார்டியன் ரீடுகளை வைத்து, மற்ற எல்லாவற்றையும் கான்சர்டினா மரபின்படி கையால் செய்யும் கலப்புக் கருவிகள் உள்ளன. 2,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும் இவற்றில், முதற்கருவியை மாற்றவே நேராமல் ஆண்டுக்கணக்கில் வாசிப்பவர்கள் உண்டு. உண்மையான கான்சர்டினா ரீடுகளோடு புதிதாகச் செய்பவர்கள் உலகில் மிகச் சிலரே. காத்திருப்புப் பட்டியல் ஆண்டுகளில் அளக்கப்படுவது வழக்கம். முதற்கருவிக்காக அந்த வரிசையில் நிற்பதில் பொருளில்லை.

நான்காம் படி: பழங்கருவிகளை அறிதல்

பழங்கருவிச் சந்தையில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர் லாஷனால். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த லூயி லாஷனால் முதலில் வீட்ஸ்டனுக்காகக் கருவி செய்து, பின் 1850களின் இறுதியில் தனித்தொழில் தொடங்கினார். 1930களில் மூடப்படும்வரை அந்நிறுவனம் மலிவான பயிற்சிக் கருவி முதல் பன்னிரு பக்க எடியோஃபோன் வரை ஏராளமாகச் செய்து குவித்தது. எனவே லாஷனால் என்ற பெயர் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. எந்த லாஷனால் என்று கேட்க வேண்டும். வீட்ஸ்டனின் எண்பக்க ஏயோலா இங்கிலிஷ் முறையின் சிகரமாகக் கருதப்படுகிறது. அதே நிறுவனத்தின் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கருவிகள் பல, பழைய தரத்துக்கு வெகு கீழே போய்விட்டன. ஆங்லோவில் லண்டன் ஜெஃப்ரிஸ் குடும்பத்தார் செய்தவற்றுக்கும், இஸ்லிங்டன் பகுதியின் கிராப் குடும்பத்தார் செய்தவற்றுக்கும் அயர்லாந்து வாசிப்பாளர்களிடையே பெரும் கிராக்கி உண்டு. ஜெஃப்ரிஸ் கருவிகளில் வரிசை எண் பெரும்பாலும் இருக்காது, பெயர் முத்திரையே இருக்கும். முத்திரையைப் போலியாகப் பதிப்பது எளிது, வித்தியாசமோ பல ஆயிரம் பவுண்டு. முதற்கருவியாக ஜெஃப்ரிஸ் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்ஸ்டன் கருவியின் வயதை அறிவது எளிது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் அந்நிறுவனத்தின் பதிவேடுகளை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்துள்ளது. வரிசை எண் எந்த ஆண்டுப் பதிவேட்டில் வருகிறது என்று வாங்குபவரே தேடலாம். லாஷனால் எண்களுக்கு உத்தேசமான ஆண்டே சொல்ல முடியும். எப்படியும் வயது விலையைத் தீர்மானிப்பதில்லை. மிகப் பழைய கருவிகள் காட்சிக்கு அழகாக இருந்தாலும் ஒலி மென்மையாகவும் துருத்தி சிறிதாகவும் இருக்கும். வாசிப்பவருக்கு ஏற்றவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் 1930களுக்கும் இடைப்பட்டவை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது ரீடின் உலோகம். பித்தளை ரீடு இனிமையானது, மெல்லியது. எளிதில் சுருதி விலகும், பலமாக வாசித்தால் முறியவும் கூடும். எஃகு ரீடு சத்தமும் உறுதியும் உடையது. இரண்டாவது பொத்தானின் நெம்புகோல் அமைப்பு. லாஷனால் கருவிகளில் நெம்புகோல் ஒரு கொக்கித் தூணில் சாய்ந்து ஆடும்; வீட்ஸ்டன், ஜெஃப்ரிஸ், கிராப் ஆகியோரின் உயர்ந்த கருவிகளில் ஆணி அடித்து இணைக்கப்பட்டிருக்கும். பின்னது வேகமானது, அமைதியானது. தொடக்க நிலையில் கொக்கி அமைப்பு எவ்விதத் தடையும் ஆகாது.

பழையதா புதியதா என்ற விவாதத்தில் பலர் கவனிக்காதது, முறைக்கு முறை விலை மாறுவதுதான். அயர்லாந்து இசையின் வளர்ச்சியால் 30 பொத்தான் ஆங்லோவுக்கு வாங்குபவர் மிகுதி. தரத்தில் நிகரான இங்கிலிஷ் கருவி ஏராளமாக இருக்கிறது, வாங்குபவர் குறைவு. ஆகவே சீரமைத்த எஃகு ரீடு லாஷனால் இங்கிலிஷ், அதே கைகளில் செய்யப்பட்ட 30 பொத்தான் ஆங்லோவைவிடத் தெளிவாக மலிவாகக் கிடைக்கிறது. இங்கிலிஷ் முறையைத் தேர்ந்தவருக்கு என் ஆலோசனை: சீரமைத்த பழங்கருவிக்குப் பணம் எட்டுமானால் அதையே வாங்குங்கள். ஆங்லோவைத் தேர்ந்தவர் புதிய தொடக்க நிலைக் கருவியில் ஓரிரு ஆண்டு பழகி, பிறகு கலப்புக் கருவிக்கோ பழங்கருவிக்கோ போவது கணக்குக்குச் சரியாக வரும்.

ஐந்தாம் படி: கையில் எடுத்துச் சோதித்தல்

நேரில் பார்க்க முடிந்தால் பின்வருவனவற்றை நீங்களே செய்யுங்கள். முடியாவிட்டால் விற்பவரை ஒரே தொடர் காணொளியில் செய்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

துருத்தியிலிருந்து தொடங்க வேண்டும். பொத்தான் எதையும் அழுத்தாமல் ஒரு முனையை இரு கைகளாலும் பிடித்து, மறுமுனையைத் தன் எடையில் தொங்கவிடுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் நல்லது. சட்டென்று விரிந்து விழுந்தால் காற்று கசிகிறது. கசிவு துருத்தியின் மடிப்பு மூலைகளில் இருக்கலாம், பேடுகளில் இருக்கலாம், முனைப்பெட்டிக்கும் துருத்திக்கும் இடையிலுள்ள மெல்லிய தோல் விளிம்பிலும் இருக்கலாம். கன்னத்தருகே வைத்து மெதுவாக அழுத்தினால் எங்கே காற்று படுகிறது என்பது தெரியும். தோல் தேய்ந்த மூலைக்கு ஒட்டுப்போடலாம். துருத்தி முழுவதும் மக்கியிருந்தால் புதிய துருத்திக்கு மட்டும் சில நூறு பவுண்டு ஆகும்.

அடுத்து ஒவ்வொரு பொத்தானையும் இரு திசைகளிலும், முதலில் மிக மெதுவாகவும் பின் பலமாகவும் ஒலிக்கச் செய்யுங்கள். 30 பொத்தான் ஆங்லோவில் 60 ரீடுகள், 48 பொத்தான் இங்கிலிஷில் 96 ரீடுகள். பொறுமை வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது. மெதுவான காற்றுக்கு எழாத ரீடு சரியாக அமைக்கப்படவில்லை, அல்லது அதில் தூசு சிக்கியிருக்கிறது. ஒரு ஸ்வரத்தோடு பக்கத்து ஸ்வரமும் மெல்லக் கேட்டால், அறைகளைப் பிரிக்கும் மரச்சுவர் சுருங்கியோ வெடித்தோ இருக்கிறது. பொத்தானை விட்ட பிறகும் ஒலி தொடர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்; அது மலிவான வேலை. ஆங்லோவில் வலப் பெருவிரலுக்கான காற்றுப் பொத்தான் ஓசையின்றித் தாராளமாகக் காற்றை விடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதில்லாமல் ஒரு மெட்டைக்கூட முடிக்க முடியாது.

மூன்றாவது சுருதி. கைப்பேசியிலுள்ள டியூனர் செயலியை ஏ 440 ஹெர்ட்ஸில் வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தின் விலகலையும் குறித்துக்கொள்ளுங்கள். சில ஸ்வரங்கள் மட்டும் இங்குமங்கும் விலகியிருந்தால் சாதாரணச் சுருதி வேலை. எல்லா ஸ்வரங்களும் ஒரே சீராக 45 செண்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கே ஒரு செண்ட்) சுற்றிக் கூடுதலாக இருந்தால், கருவி பழைய ஃபில்ஹார்மோனிக் சுருதியில், அதாவது ஏ 452 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று பொருள். தனியே வாசிப்பவருக்கு அது நன்றாகவே ஒலிக்கும். பிறரோடு சேர்ந்து வாசிக்க உதவாது. இறக்குவதென்றால் ஒவ்வொரு ரீடின் அடிப்பகுதியிலும் உலோகத்தைச் சுரண்ட வேண்டும், சுரண்டியதைத் திரும்ப வைக்க முடியாது. தேர்ந்தவர் கையில் கொடுத்தால் கெடாது. ஆனால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கடைசியாக, விற்பவரின் அனுமதியோடு உள்ளே பார்க்க வேண்டும். அறுகோணக் கருவியில் ஒவ்வொரு முனையிலும் ஆறு திருகுகள் இருக்கும்; எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் துளையிட்டு அதே வரிசையில் குத்தி வைக்க வேண்டும். ரீடுகளில் செம்மஞ்சள் துருப்பொடி, அரத்தால் தேய்த்த ஆழமான கோடுகள், மரத்தட்டில் நீள வெடிப்பு, பசையும் டேப்பும் வைத்து ஒட்டிய வேலை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விலை பெரிதும் குறைய வேண்டும், அல்லது விலகிவிட வேண்டும். பேடுகளும், ரீடின்மேல் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் மெல்லிய தோல் மடல்களான வால்வுகளும் பழுப்பேறிச் சுருண்டிருப்பது குறையன்று. நூறாண்டுக் கருவியில் அவை மாற்றப்பட வேண்டியவையே.

ஆறாம் படி: யாரிடம், எப்படி வாங்குவது

சீரமைக்காத பழங்கருவி ஏலத்தில் பாதி விலைக்குத் தெரியும். அதன்மேல் பேடு, வால்வு, துருத்தி, சுருதி என்று செலவிட்டால் சீரமைத்ததன் விலையையே தொட்டுவிடும்; வேலை முடியக் காத்திருக்கும் மாதங்கள் தனி. ரீடு வேலை அறிந்தவர் அருகில் இல்லாத நாட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். ஆகவே பழங்கருவியை, சீரமைத்து விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்குவதே நல்லது. அவரிடம் ஏ 440க்குச் சுருதி கூட்டப்பட்டதா, பேடும் வால்வும் எப்போது மாற்றப்பட்டன, துருத்தி மூலமானதா புதியதா, திருப்பியனுப்பும் காலம் எத்தனை நாள் என்று கேட்டு விடைகளை எழுத்தில் பெற வேண்டும். 1952இல் தொடங்கப்பட்ட சர்வதேச கான்சர்டினா சங்கம் போன்ற அமைப்புகளின் உறுப்பினர் வட்டத்தில் கைமாறும் கருவிகளும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. விற்பவரும் வாசிப்பவராக இருப்பதே காரணம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் கூரியர் கட்டணம், காப்பீடு, இறக்குமதித் தீர்வை மூன்றையும் முதலிலேயே கூட்டிப் பார்க்க வேண்டும். திருப்பியனுப்ப நேர்ந்தால் கட்டிய தீர்வை எளிதில் திரும்பாது என்பதால், தொலைவிலிருந்து வாங்குபவருக்குப் புதிய கருவியின் உத்தரவாதம் கூடுதல் மதிப்புடையது.

ஏழாம் படி: வந்து சேர்ந்தபின்

பெட்டியை உடனே பிரித்து வாசிக்கத் தொடங்காமல், ஓரிரு நாள் அறையின் வெப்பநிலைக்குப் பழக விடுங்கள். பிறகு ஐந்தாம் படியின் சோதனைகளைத் திருப்பியனுப்பும் காலத்துக்குள் முழுமையாகச் செய்யுங்கள். நீண்ட பயணத்தில் செருகு ரீடுகள் சற்றுத் தளர்ந்து ஓரிரு ஸ்வரங்கள் கரகரப்பது உண்டு. பெரும்பாலும் அந்த ரீடைப் பள்ளத்துக்குள் மெல்ல அழுத்தினால் சரியாகிவிடும், ஆனால் அதைச் செய்யுமுன் விற்றவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

மரத்தட்டு ஈரப்பதத்துக்கு மிகவும் கூச்சப்படும் பகுதி. காற்று மிக வறண்டால் மரம் சுருங்கி ரீடுகள் தளரும். மிக ஈரமானால் உப்பி ரீடுச் சட்டத்தை நெருக்கும், எஃகில் துரு ஏறும். 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் பாதுகாப்பானது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பதும், மழைக்காலத்தில் அவ்வப்போது எடுத்து வாசிப்பதும் வேண்டும். துருத்தி எப்போதும் மூடிய நிலையில், மடிப்புகள் பெட்டியின் பக்கங்களில் லேசாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பொத்தான்கள் மேலும் கீழும் நோக்க நிறுத்தி வைத்தால் ரீடுகளின் வால்வுகள் தொங்கி வளையும் என்பதால், கருவியைப் பக்கவாட்டில், துருத்தி தரைக்கு இணையாக இருக்கும்படி வைக்க வேண்டும்.

ஆங்லோவின் கைப்பட்டை தளர்ந்திருந்தால் பொத்தான்களை எட்டுவதற்குள் பிடி நழுவும், இறுகியிருந்தால் சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். உள்ளங்கை சற்றே வளைந்த நிலையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்குமாறு துளையைத் தேர்ந்து, முதல் வாரத்தில் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தோல் இளகி நீளும்போது மறுபடி ஒரு துளை இறுக்க வேண்டிவரும்.